பித்தப்பை எடுத்து ஆண்டுகள் கழித்து வலப்பக்கத்தில் சீழ்க்கட்டி: உள்ளே தங்கிய கற்கள் காரணமாகுமா?

மௌல்மீன் தங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த அக்காவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ரங்கூனில் ஒரு தனியார் மருத்துவமனையில், வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் முறையில் பித்தப்பையை எடுத்தார்கள். அப்போது பித்தப்பை அழற்சியுற்று வீங்கியிருந்தது என்றும், ஈரலிலிருந்து பிரிக்கும்போது அது கிழிந்து கற்கள் வயிற்றுக்குள் சிதறிவிட்டன என்றும், கண்ணில் பட்டவற்றையெல்லாம் எடுத்துவிட்டோம் என்றும் அறுவை செய்த மருத்துவர் அத்தானிடம் சொல்லியிருக்கிறார். அதன்பின் அக்கா நலமாகவே இருந்தார். வழக்கம்போலக் கடையைக் கவனித்துக்கொண்டார்.

இந்த மழைக்காலத்தின் தொடக்கத்திலிருந்து அவருக்கு வலப்பக்க விலாவின் கீழே, முதுகை ஒட்டி மந்தமான வலி இருக்கிறது. மாலையானால் காய்ச்சல் வருகிறது, இரவில் வியர்க்கிறது, உடல் மெலிந்துவிட்டது. ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் பத்து நாள் நன்றாக இருக்கிறார். நிறுத்தினால் மறுபடி காய்ச்சல் வருகிறது. இப்போது இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்கம், தொட்டால் சூடாக ஒரு வீக்கம் தெரிகிறது. இங்குள்ள மருத்துவர் காசநோயாக இருக்கலாம் என்று ஐயுற்று, அதற்கான மருந்தைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறார். அல்ட்ராசவுண்டில் ஈரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடையே நீர்த்தேக்கம் போன்ற ஒன்றும், அதற்குள் இரண்டு மூன்று வெண்புள்ளிகளும் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

பித்தப்பையே இல்லாத ஒருவருக்குப் பித்தக்கல்லால் இப்படி ஆகுமா? ஆகுமென்றால், ஊசி வைத்துச் சீழை உறிஞ்சி எடுத்தால் போதுமா, மறுபடி அறுவை வேண்டியிருக்குமா? ரங்கூனுக்கு அழைத்து வருவது எங்களுக்கு எளிதான காரியமல்ல. ஆயினும் தேவையென்றால் வருவோம். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரங்கூன் அறுவை மருத்துவர் எழுதியது:

அம்மா, உங்கள் அக்காவை நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரலாறு, சிதறிய கற்களில் சில உள்ளே தங்கி, அவற்றைச் சுற்றிச் சீழ் கட்டியிருப்பதற்கு மிகவும் பொருந்துகிறது. அந்த வெண்புள்ளிகள் இருக்கும் இடமும் அதையே சொல்கிறது.

பித்தப்பையை எடுத்தபின் கல்லால் வரும் தொல்லை என்றால் பலருக்கும் பித்தநாளத்தில் தங்கிய கல்தான் நினைவுக்கு வரும். அது வேறு. உங்கள் அக்காவின் விஷயத்தில் கல் பித்தம் ஓடும் பாதையில் இல்லை. அதற்கு வெளியே, குடலும் ஈரலும் கிடக்கும் வயிற்றறைக்குள் விழுந்து கிடக்கிறது. துளை வழியே பித்தப்பையை எடுக்கும் இந்த அறுவையை ஜெர்மனியில் எரிக் முஹே 1985-இலும், பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே 1987-இலும் செய்து காட்டியபின் அது சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. வயிற்றைத் திறந்து செய்த காலத்திலும் பித்தப்பை கிழிந்ததுண்டு. ஆனால் கையை உள்ளே விட்டுத் துழாவி, பஞ்சுத்துணியால் ஒற்றி எடுத்துவிட முடிந்தது. துளை வழியே செய்யும்போது அந்த வசதி இல்லை. வயிற்றை வாயுவால் உப்ப வைத்து, மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருப்பதால், விழுந்த கல் ஈரலுக்குப் பின்னே உருண்டு, ஈரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில் போய் மறைகிறது. மோரிசன் பை என்று நாங்கள் சொல்லும் அந்தப் பள்ளம்தான் படுத்திருக்கும் ஒருவரின் மேல்வயிற்றில் மிகத் தாழ்வான இடம். கழுவுவதற்காக ஊற்றும் உப்புநீரும் சில வேளைகளில் கல்லை இன்னும் தொலைவுக்குத் தள்ளிவிடுகிறது.

அறுவையின்போது பித்தப்பை கிழிவது அரிதன்று. வெளிவந்த ஆய்வுகளில் 10 முதல் 40 விழுக்காடு வரை குறிக்கப்பட்டிருக்கிறது. கிழியும் ஒவ்வொரு முறையும் கல் சிதறுவதில்லை. சிதறினாலும் பெரும்பாலும் எடுத்துவிடுகிறோம். எடுக்க முடியாமல் தங்கிய கற்களும் பெரும்பாலும் ஒரு தொல்லையும் தராமல் கிடக்கின்றன. ஆகையால் மொத்த அறுவைகளோடு ஒப்பிட்டால் இப்படிச் சீழ் கட்டுவோர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் வருபவர்களுக்கு அது மாதங்கள் கழித்தும் வரும், பல ஆண்டுகள் கழித்தும் வரும். பத்து ஆண்டுகளைத் தாண்டி வந்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. இந்த நீண்ட இடைவெளிதான் மருத்துவரைத் திசைமாறச் செய்கிறது. நோயாளியும் பழைய அறுவையைச் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

எந்தக் கல் தொல்லை தரும் என்பதற்கும் ஓரளவு காரணம் தெரியும். கொழுப்புப் பொருளால் ஆன மஞ்சள் கற்களைவிட, நிறமிக் கற்கள் எனப்படும் கறுப்பு, பழுப்புக் கற்கள் ஆபத்தானவை. குறிப்பாகப் பழுப்புக் கற்களுக்குள்ளேயே கிருமிகள் குடியிருக்கும். அழற்சியுற்ற பித்தப்பையிலிருந்து விழுந்தவை, எண்ணிக்கையில் மிகுந்தவை, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பருத்தவை, ஈரலைச் சுற்றித் தங்கியவை, முதியவர்களின் உடலில் தங்கியவை ஆகியவற்றுக்கும் அந்த ஆபத்து கூடுதல். நம் நாட்டில் ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா ஆகிய பிறவி இரத்தக் குறைகள் மிகப் பரவலானவை என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். சிவப்பணுக்கள் விரைவில் சிதையும் உடலில் நிறமிக் கற்கள்தாம் உருவாகின்றன. உங்கள் அக்காவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அப்படி ஏதேனும் கண்டறியப்பட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊசி வைத்து உறிஞ்சினால் போதுமா என்று கேட்டீர்கள். காய்ச்சல் கடுமையாக இருந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஒரு வடிகுழாயை வைத்துச் சீழை வெளியேற்றுவது சரியே. உயிரைக் காக்கும் வேலை அது. ஆனால் கிருமி ஒளிந்திருக்கும் கல் உள்ளே இருக்கும்வரை சீழ் திரும்பத் திரும்பக் கட்டும். மாத்திரை நிறுத்தியதும் காய்ச்சல் திரும்புவதற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும். ஆகவே கல்லை எடுப்பதுதான் தீர்வு. அதை மறுபடி துளை வழியே எடுக்கலாம். முதுகுப்பக்கமாகச் சிறிதாகக் கீறியும் எடுக்கலாம். வடிகுழாய் வைத்த பாதையையே அகலமாக்கி, சிறுநீரகக் கல்லை எடுக்கும் குழாய்க்கருவியை அதன் வழியே செலுத்தியும் எடுக்கலாம். எது பொருந்தும் என்பதைக் கட்டி இருக்கும் இடம் தீர்மானிக்கும்.

காசநோய் மருந்தைப் பற்றி ஒன்று. மியன்மா காசநோய் மிகுந்த நாடுகளுள் ஒன்று என்பதால் உங்கள் மருத்துவரின் ஐயம் நியாயமானது. மாலைக் காய்ச்சலும் மெலிவும் யாரையும் அப்படித்தான் நினைக்க வைக்கும். ஆனால் எட்டும் இடத்தில் சீழ் இருக்கும்போது அதை எடுத்துச் சோதிக்காமல் மருந்தைத் தொடங்க வேண்டாம் என்று அவரிடம் பணிவாகக் கேளுங்கள். அந்தச் சீழைச் சாதாரணக் கிருமி வளர்ப்புக்கும், காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் சேர்த்தே அனுப்பலாம். காசநோய் மருந்து குறைந்தது ஆறு மாதம் உண்ண வேண்டியது. ஈரலைத் தொடும் மருந்து அது. வேறு காரணத்தால் வந்த சீழுக்கு அதை உண்டு காத்திருந்தால், அந்த மாதங்கள் வீணாவதோடு கட்டியும் பரவும்.

பியூண்டாசா வாசகி எழுதியது:

தங்கச்சி, என் கணவருக்கு இதே போன்ற ஒன்று வந்ததால் எழுதுகிறேன். அவருக்குப் பித்தப்பை எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆனபின், தொப்புளுக்கு மேலிருந்த பழைய துளைத் தழும்பு சிவந்து, கொப்புளம் போல எழும்பி, உடைந்து சீழ் வடிந்தது. பக்கத்து மருந்தகத்தில் தையல் நூல் உள்ளே தங்கியிருக்கும் என்று சொல்லி மருந்து வைத்துக் கட்டினார்கள். சில வாரம் ஆறும், மேலே தோல் மூடும், மறுபடி அதே இடம் உடையும். காயத்தை நான்தான் காலையும் மாலையும் துடைத்துக் கட்டுவேன். ஒரு நாள் பஞ்சை எடுத்தபோது அதில் மிளகளவு கரும்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. காய்ந்த இரத்தம் என்று நினைத்து விரலால் நசுக்கினேன். நசுங்கவில்லை, மணல்போல் நெறுநெறுத்தது, ஒரு பக்கம் மட்டும் உடைந்து உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. அதைச் சிறு புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு ரங்கூனுக்குப் போனோம். அங்கிருந்த அறுவை மருத்துவர் பார்த்த உடனே பித்தக்கல் என்று சொன்னார். பித்தப்பையை அந்தத் துளை வழியாக வெளியே இழுக்கும்போது பை கிழிந்து, வயிற்றுச் சுவரின் தசைக்குள்ளேயே கற்கள் சிக்கியிருக்க வேண்டும் என்று விளக்கினார்.

தழும்பைத் திறந்து, உள்ளே ஓடிய பாதையைத் தோண்டி, மேலும் சில கற்களை எடுத்துவிட்டுக் காயத்தை மூடாமல் அடியிலிருந்து ஆறவிட்டார்கள். அதன்பின் உடையவே இல்லை. அவருக்கு வயிற்றுச் சுவரோடு போயிற்று. உங்கள் அக்காவுக்கு ஆழத்தில் இருப்பதால் இன்னும் கவனம் வேண்டும். வீக்கம் தோலருகே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஊரில் யாரிடமும் கீறச் சொல்லாதீர்கள். தானாகவே உடைந்தால் வருவதைத் துடைத்து எறிந்துவிடாமல், சுத்தமான புட்டியில் எடுத்து வையுங்கள். எங்களுக்கு நோய் தெரிந்ததே அந்தப் பஞ்சில் ஒட்டியிருந்த கல்லால்தான்.

பெகு ஸ்கேன் அறை எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு ஸ்கேன் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். எங்களிடம் வரும் சீட்டில் பெரும்பாலும் ‘காய்ச்சல், வலப்பக்க வலி’ என்று மட்டுமே எழுதியிருக்கும். அதை வைத்து ஈரலருகே சீழைப் பார்க்கும் எவருக்கும் அமீபாக் கட்டியோ சாதாரண ஈரல் கட்டியோதான் முதலில் தோன்றும். ‘இன்ன ஆண்டில் லேப்ராஸ்கோப்பி (துளைவழி அறுவை) மூலம் பித்தப்பை எடுக்கப்பட்டது, அப்போது கற்கள் சிதறின’ என்ற ஒரு வரி சீட்டில் இருந்தால் நாங்கள் தேடும் முறையே மாறிவிடும். அந்த வரியை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அல்ட்ராசவுண்டில் கல் வெண்மையாகத் தெரியும், அதன் பின்னால் கறுப்பு நிழல் விழும். சீழுக்குள் காற்றுக்குமிழி இருந்தாலும் வெண்மையாகவே தெரியும். ஆனால் அதன் நிழல் தெளிவாக விழாமல் கலங்கலாக இருக்கும், நோயாளி புரண்டு படுத்தால் குமிழி மேலே ஏறும். அக்காவின் அறிக்கையில் நிழலைப் பற்றி ஏதும் எழுதவில்லை என்றால், புரண்டு படுக்க வைத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

அடுத்து சி.டி. ஸ்கேன். கட்டி எவ்வளவு ஆழம், உதரவிதானத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா, முதுகுத் தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்று அறிய அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் சி.டி.யில் கல் தெரியவில்லை என்பதால் கல்லே இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. சுண்ணாம்புச் சத்து ஏறிய கற்கள்தாம் அதில் தெளிவாகத் தெரியும். கொழுப்புக் கற்கள் சுற்றியுள்ள நீரோடு கலந்து மறைந்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் பித்தக்கற்களில் 10 முதல் 20 விழுக்காடுதான் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஐயம் நீங்காவிட்டால் எம்.ஆர்.ஐ. உதவும், அதில் வெள்ளையாகத் தெரியும் சீழுக்கு நடுவே கற்கள் கரும்புள்ளிகளாக நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. பித்தப்பையின் குழாயை மூட வைக்கும் சிறு உலோகக் கிளிப்புகள் உடலிலேயே இருக்கும். அவை சி.டி.யில் கண்ணைப் பறிக்கும் வெண்மையோடு, கதிர் சிதறியது போன்ற கோடுகளுடன் தெரியும். அவற்றைக் கல் என்று எண்ணிப் பதறுபவர்களும் உண்டு. கல்லைக் கிளிப் என்று எண்ணி விட்டுவிடுவதும் நடக்கிறது. எத்தனை கிளிப்புகள் வைக்கப்பட்டன என்பது அறுவைக் குறிப்பில் இருந்தால் அந்தக் குழப்பம் தீரும். ஆகவே பழைய மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டோடு நிற்காமல் அறுவைக் குறிப்பின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

தாட்டோன் தம்பி எழுதியது:

இதைப் படித்ததும் எனக்கு அச்சமாக இருக்கிறது. என் அம்மாவுக்குச் சென்ற ஆண்டு இதே அறுவை நடந்தது. இரண்டு கற்கள் ஈரலுக்குப் பின்னே போய்விட்டன, எடுக்க முடியவில்லை என்று அப்போதே சொன்னார்கள். அம்மாவுக்கு இதுவரை எந்தத் தொல்லையும் இல்லை. இப்போதே அந்தக் கற்களை எடுத்துவிடுவது நல்லதா? அதோடு, என் சித்தப்பாவுக்குப் பித்தப்பை எடுத்த சில மாதங்களில் கண் மஞ்சளானது. வாய் வழியே குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். அம்மாவின் கற்களையும் அப்படி எடுக்க முடியாதா, ஐயா?

ரங்கூன் அறுவை மருத்துவர் எழுதியது:

தம்பி, அம்மாவுக்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தொல்லை தராத கல்லைத் தேடி வயிற்றைத் திறப்பது, அந்தக் கல்லால் வரக்கூடிய தீங்கைவிடப் பெரிய தீங்கைத் தரலாம். உங்களிடம் அந்த மருத்துவர் மறைக்காமல் சொன்னது மிக நல்ல செய்தி. எல்லா நோயாளிகளுக்கும் அப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கல் சிதறினால் அதைச் சிறு உறைக்குள் இட்டு வெளியே எடுப்பதும், நிறைய உப்புநீர் விட்டுக் கழுவுவதும் எவ்வளவு முக்கியமோ, எடுக்க முடியாததைக் குறிப்பில் எழுதி வீட்டாரிடம் சொல்வதும் அவ்வளவு முக்கியம். அம்மாவின் ஓ.பி.டி. (புறநோயாளி) புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வையுங்கள். நாளை அவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சலோ, வலப்பக்க வலியோ, தழும்பில் வீக்கமோ வந்தால் மருத்துவர் அதைப் படிக்க வேண்டும். ஈரலின் மேற்புறம் தங்கிய கல் உதரவிதானத்தை அரித்து நுரையீரலுக்குள் ஏறி, நோயாளி கல்லை இருமித் துப்பிய அரிய நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே நீங்காத இருமலுக்கும் இந்த வரலாற்றைச் சொல்லத் தவற வேண்டாம். வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றுக்குள் சிறு கட்டிகள் தெரிந்து, புற்றுநோய் பரவியிருக்கிறது என்று அஞ்சும் நிலையும் சிலருக்கு வந்திருக்கிறது. அந்தக் குறிப்பு அப்போதும் உதவும்.

சித்தப்பாவின் கல் பித்தநாளத்துக்குள் இருந்தது. அது பித்தத்தை அடைத்ததால்தான் கண் மஞ்சளானது. சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, குளிரோடு காய்ச்சல் வருவதும் அந்த வகையில்தான். அதற்கு ஈ.ஆர்.சி.பி. எனப்படும், வாய்வழிக் குழாய் விட்டு எடுக்கும் முறை பொருந்தும். குளிர்காய்ச்சலோடு மஞ்சள் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது. அம்மாவின் கற்கள் நாளத்துக்கு வெளியே இருப்பதால் அந்தக் குழாய் அவற்றை எட்டாது. அழற்சி மிகுந்து பித்தப்பையை முழுவதும் எடுக்க முடியாமல் அடிப்பகுதியை விட்டுவைத்தவர்களுக்கு, அந்த மிச்சப் பையிலேயே கல் தங்குவதும் புதிதாக உருவாவதும் உண்டு. அது மூன்றாவது வகை. அவர்களுக்குப் பழைய பித்தப்பை வலியே திரும்ப வரும்.

மௌல்மீன் தங்கை எழுதியது:

எழுதிய எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மருத்துவரிடம் பழைய அறுவையின் விவரத்தைச் சொன்னேன். அவர் உடனே ஏற்றுக்கொண்டு, காசநோய் மருந்தைத் தொடங்காமல் நிறுத்திவைத்து, சி.டி.க்கு எழுதித் தந்தார். ஈரலின் பின்னே இருந்து முதுகுத் தசை வரை சீழ் இறங்கியிருப்பதாகவும், அதற்குள் சுண்ணாம்பேறிய இரண்டு கற்கள் இருப்பதாகவும் அறிக்கை வந்திருக்கிறது. சீழ் எடுத்துச் சோதித்ததில் காசநோய்க் கிருமி இல்லை. குடலில் வாழும் ஈ கோலை என்ற கிருமி வளர்ந்திருக்கிறது. அக்காவின் மகளுக்கு ஹீமோகுளோபின் ஈ இருப்பது பள்ளி நாட்களிலேயே தெரியும். அக்காவையும் இப்போது சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரங்கூனில் அறுவைக்கு நாள் கேட்டிருக்கிறோம். அதுவரை என்ன கவனம் வேண்டும்? அறுவைக்குப் பின் அங்கே எவ்வளவு காலம் தங்க நேரும் என்று அத்தான் கேட்கச் சொன்னார்.

ரங்கூன் அறுவை மருத்துவர் எழுதியது:

கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற சோதனை முடிவு வந்திருக்கும். அதில் சொன்ன மருந்தையே, சொன்ன அளவில், இடைவிடாமல் கொடுங்கள். வடிகுழாய் வைத்திருந்தால், தினமும் வரும் சீழின் அளவையும் நிறத்தையும் ஒரு தாளில் குறித்துவைத்து அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வாங்குதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே புண் நன்றாக ஆறும்.

அறுவைக்கு முன், ஸ்கேனில் தெரிந்த கற்களின் எண்ணிக்கையை மருத்துவர் அறிந்திருக்கட்டும். எடுத்த கற்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் தெரியாத கற்களும் இருக்கக்கூடும் என்பதால், இரண்டு கிடைத்ததும் நிறுத்தாமல் குழியை முழுவதும் கழுவித் தேடுவார்கள். எவ்வளவு காலம் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது, அம்மா. காய்ச்சல் அடங்கி, வடிகுழாயில் வருவது மிகக் குறைந்து, ஸ்கேனில் குழி சுருங்கியது உறுதியான பிறகே குழாயை எடுப்பார்கள். மௌல்மீனுக்குத் திரும்பும் பயணச்சீட்டை அத்தான் அதன்பின் எடுத்தால் போதும்.